ஒரு பெயருக்கு ஒரு பொருள்: அளபுரு வார்ப்புருக்களில் எழும் முரண்களும் அவற்றைத் தீர்க்கும் நெறியும்



மொழிக்கென அமைந்த மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் கணினிவழி வடிவமைப்பு பற்றிய தலைப்பு இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கணினியில் ஒரு கதவையோ சாளரத்தையோ வடிவமைக்கும் ஒருவர் செய்யும் வேலையைச் சற்று உற்றுநோக்கினால் அந்த வியப்பு நீங்கிவிடும். அவர் கோடு வரைவதோடு நிற்பதில்லை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் சூட்டுகிறார். பெயர்களுக்கிடையே உறவு கற்பிக்கிறார். எந்தப் பெயர் ஆளும், எந்தப் பெயர் அடங்கும் என்று விதி வகுக்கிறார். பெயர், உறவு, விதி ஆகிய மூன்றும் இலக்கணம் படித்த நமக்குப் பழகிய செய்திகளே.

இவ்வாறு பெயரிடப்பட்ட அளவை அளபுரு என்கிறோம். அளபுருக்களால் ஆளப்படும் மூல வடிவத்தை வார்ப்புரு என்கிறோம். ஒரே வார்ப்புருவிலிருந்து பல அளவுகளில் பிறக்கும் உறுப்புகளின் தொகுதிக்கு உறுப்புக் குடும்பம் என்று பெயர். இக்குடும்பங்களில் எழும் முரண்களை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பதே இன்றைய பொருள். அம்முரண்களில் பெரும்பாலானவற்றைத் துருவிப் பார்த்தால், கணக்குத் தவறியதைக் காட்டிலும் பெயரும் பெயருக்குரிய அதிகாரமும் தெளிவாக வகுக்கப்படாமையே மூலமாக நிற்கும். இதுவே நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

கடைவீடு என்னும் குடும்பம்

குடும்பம் என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள நாம் மென்பொருளிடம் செல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து டன்லப் தெருவுக்கோ அப்பர் டிக்சன் சாலைக்கோ திரும்பினால் போதும். அங்கே வரிசையாக நிற்கும் கடைவீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன; ஆனால் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச்சுவர், சுவருக்குச் சுவர் பாயும் மர உத்தரம், கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் ஐந்தடிப் பாதை ஆகியவை எல்லா வீடுகளுக்கும் பொது. முகப்பின் அகலம், பின்னோக்கிச் செல்லும் ஆழம், சாளரங்களின் எண்ணிக்கை ஆகியவை வீட்டுக்கு வீடு மாறும்.

மாறாதவற்றுக்கும் மாறுபவற்றுக்கும் காரணங்கள் உண்டு. உத்தரத்திற்குக் கிடைத்த மரத்தின் நீளம் முகப்பின் அகலத்துக்கு வரம்பு கட்டியது. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்குப் பிறப்பித்த அறிவுறுத்தல், வீடுகளின் முன்னால் தொடர்ச்சியான, கூரையிட்ட, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழி வேண்டும் என்று விதித்தது. முதலாவது பொருள் விதித்த கட்டுப்பாடு. இரண்டாவது சட்டம் விதித்த கட்டுப்பாடு. இவற்றுக்கு உட்பட்டே கொத்தனாரும் தச்சரும் ஒவ்வொரு வீட்டையும் அமைத்தனர். லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7ஆம் நாள் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பிறகு, அம்முகப்புகளைச் செப்பனிடுவோரும் இந்த உறவுகளை அறிந்தே தொழிற்பட வேண்டியுள்ளது.

கணினிக்கு இக்கருத்தைக் கொண்டுவந்தவர் ஐவன் சதர்லண்ட். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டு அவர் அளித்த ஆய்வேடு 'ஸ்கெட்ச்பேட்' என்னும் வரைகலை அமைப்பைப் பற்றியது. மூல வரைபடத்தை ஒரு முறை மாற்றினால் அதிலிருந்து பிறந்த படிகள் அனைத்தும் மாறும் ஏற்பாடும், 'இந்த இரு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும்' என்பது போன்ற கட்டுப்பாடுகளைக் கணினியே நிறைவேற்றும் ஏற்பாடும் அதில் இருந்தன. 1980களின் பிற்பகுதியில் வந்த 'புரோ எஞ்சினியர்' இயந்திர உறுப்பு வடிவமைப்பில் இதனை அன்றாட நடைமுறையாக்கியது. கட்டடத் துறையில் 2000ஆம் ஆண்டு வெளியான 'ரெவிட்' இதே வழியில் வந்தது. அதில் கதவு, சாளரம், தூண் ஆகியவை குடும்பங்கள் என்றே அழைக்கப்படுகின்றன.

முதல் முரண்: ஒரு வீட்டுக்கு மூன்று தலைவர்கள்

ஒரு கடைவீட்டின் மேல்மாடி முகப்பை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக எளிய எண்களைத் தேர்ந்துள்ளேன். முகப்பில் மூன்று சாளரங்கள் உள்ளன. சாளரங்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாக நான்கு சுவர்த்துண்டுகள் உள்ளன. சாளரத்தின் அகலம் 1000 மில்லிமீட்டர், சுவர்த்துண்டின் அகலம் 450 மில்லிமீட்டர் என்றால், மூன்று சாளரங்களுக்கு 3000, நான்கு சுவர்த்துண்டுகளுக்கு 1800, ஆக மொத்த முகப்பு 4800 மில்லிமீட்டர். மாணவர் ஒருவர் இம்மூன்று எண்களையும் வார்ப்புருவில் நிலையாகப் பூட்டிவிடுகிறார். முதல் வீட்டுக்கு எல்லாம் பொருந்துகிறது.

அடுத்த வீட்டின் முகப்பு 5200 மில்லிமீட்டர். அந்த எண்ணை இட்டவுடன் கட்டுப்பாடுகள் நிறைவேறவில்லை என்று ரெவிட் எச்சரிக்கிறது. சாளரம் 1000இல் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டளை. சுவர்த்துண்டு 450இல் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டளை. இரண்டும் சேர்ந்து 5200 ஆக வேண்டும் என்று மூன்றாவது கட்டளை. மூன்றையும் ஒருசேர நிறைவேற்ற எந்த மென்பொருளாலும் இயலாது.

இங்கே உள்ளது ஒரே ஒரு சமன்பாடு. அதிலுள்ள அளவுகள் மூன்று. ஆகவே இரண்டைத்தான் நாம் கொடுக்கலாம். மூன்றாவதை அவ்விரண்டிலிருந்தும் பெற வேண்டும். எவ்விரண்டு என்று முடிவுசெய்வது கணக்கின் வேலை அன்று. கட்டடத்தை அறிந்தவரின் வேலை. முகப்பின் அகலத்தை இரு பொதுச்சுவர்களும் முன்னமே தீர்மானித்துவிட்டன. அதை நாம் மாற்ற முடியாது. பழைய மரச்சாளரங்களைச் செப்பனிட்டு மீண்டும் பொருத்துவதே நோக்கம் எனில், அவற்றின் அகலமும் மாறாது. எனவே சுவர்த்துண்டுதான் அடங்கிப்போக வேண்டும். 5200இலிருந்து 3000ஐக் கழித்து நான்கால் வகுத்தால் 550 கிடைக்கும். சுவர்த்துண்டின் பூட்டை நீக்கி, இந்த வாய்பாட்டை அவ்விடத்தில் எழுதினால் முரண் தீர்ந்தது.

இத்துடன் நிறைவடைந்துவிடக் கூடாது. முகப்பு 3200 மில்லிமீட்டராக இருந்தால் அதே வாய்பாடு சுவர்த்துண்டுக்கு 50 மில்லிமீட்டர் என்று விடை தரும். கணக்கு சரி, ஆனால் 50 மில்லிமீட்டரில் செங்கற்சுவர் எழுப்ப முடியுமா? கணினி வாய் திறக்காது. ஆகவே வாய்பாட்டுக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும். சுவர்த்துண்டு அவ்வரம்புக்குக் கீழே போனால் சாளரங்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைய வேண்டும். அப்போது சுவர்த்துண்டுகள் மூன்று. ஒவ்வொன்றும் 400 மில்லிமீட்டர். எச்சரிக்கை தரும் முரணைவிட எச்சரிக்கை தராத முரணே ஆபத்தானது என்பதை மாணவர்கள் இங்கே மனங்கொள்ள வேண்டும்.

இவ்வகையில் மற்றொன்று சுழல் சார்பு. சாளரத்தின் உயரத்தை அதன் அடிக்கட்டையின் உயரத்திலிருந்து பெறும் வாய்பாட்டை ஒருவர் எழுதுகிறார். அடிக்கட்டையின் உயரத்தைச் சாளரத்தின் உயரத்திலிருந்து பெறும் வாய்பாட்டை வேறொருவர் எழுதுகிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கின்றனர். முதலில் பேசுவார் யாருமில்லை. இத்தகைய சுழலை மென்பொருள் பெரும்பாலும் உடனே தடுத்துவிடும். ஆனால் ஏழெட்டு அளபுருக்களைக் கடந்து சுற்றிவரும் வட்டம் எவ்வழியே செல்கிறது என்று காண்பதற்கு நாம்தான் தாளில் அம்புக்குறியிட்டு வரைந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் முரண்: பெயர் ஒன்று, பொருள் நான்கு

ஒரு கதவின் அகலம் என்ன? மிக எளிய வினா. ஆனால் நால்வரிடம் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். கொத்தனாருக்கு அகலம் என்பது சுவரில் விட வேண்டிய திறப்பு. 1000 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நிலை செய்யும் தச்சருக்கு அது நிலையின் வெளியளவு. இருபுறமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி போக 980. கதவுப் பலகை செய்பவருக்கு அது நிலையின் இரு கால்களும் போக எஞ்சும் அளவு, ஏறத்தாழ 900. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ, கதவை முழுதும் திறந்த பின் உள்ளே செல்லக் கிடைக்கும் வழிதான் அகலம். திறந்து நிற்கும் பலகையின் தடிமன் 40 என்றால் அவருக்குக் கிடைப்பது 860.

நால்வரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கு எண்களும் ஒரே 'அகலம்' என்னும் பெயரில் ஒரே கோப்பில் குடிபுகுந்தால், வழியின் அகலத்தைச் சரிபார்க்க வேண்டியவர் பலகையின் அகலத்தைப் பார்த்து ஒப்புதல் அளித்துவிடக்கூடும். அந்த 40 மில்லிமீட்டரின் விலையை அவர் கொடுக்கப்போவதில்லை. வாசலில் முட்டி நிற்கும் முதியவர் கொடுப்பார்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறிந்திருந்தனர். சேந்தன் திவாகரம் என்னும் நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை முதற் பத்துத் தொகுதிகளில் வகைப்படுத்திய ஆசிரியர், ஒரே சொல் பல பொருள்களைக் குறிக்கும் இடங்களைப் பதினோராம் தொகுதியில் தனியே பிரித்து வைத்தார். இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்னும் தெளிவு அப்பகுப்பில் உள்ளது. செய்யுளில் இவ்விரண்டும் அழகு. பொறியியல் கோப்பில் இவ்விரண்டும் பழுது.

மென்பொருள் உருவாக்கியவர்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். ரெவிட்டில் பல கோப்புகளுக்கும் பொதுவாகப் பயன்படும் அளபுருவைப் பகிர்வு அளபுரு என்பர். அது உருவாகும்போதே மென்பொருள் அதற்கு நீண்டதோர் அடையாள எண்ணைச் சூட்டிவிடுகிறது. கணினி அளபுருவை அறிவது அந்த எண்ணால்தான். நாம் படிக்கும் பெயர் நமக்காக ஒட்டப்பட்ட சீட்டு. ஆகவே இரு அலுவலகங்களில் இருவர் 'தீத்தடுப்பு நேரம்' என்று ஒரே பெயரில் தனித்தனியே அளபுரு உருவாக்கினால், நம் கண்ணுக்கு அவை ஒன்று, கணினிக்கு இரண்டு. பண்புப் பட்டியலில் ஒரே பெயர் இரு வரிகளில் தோன்றும். அட்டவணையிலோ பாதிக் கதவுகளுக்கு மதிப்பு இருக்கும். மீதிக் கதவுகளுக்குக் கட்டம் வெறுமையாக இருக்கும். மாணவர் அந்த வெறுங்கட்டங்களில் எண்களைக் கையால் நிரப்புவார். நோய் மறையும், தீராது. பகிர்வுக் கோப்பைத் தொலைத்துவிட்டு அதே பெயரை மீண்டும் தட்டச்சு செய்து புதிதாக உருவாக்குவதும் இதே விளைவைத் தரும். ஏனெனில் புதிய அளபுருவுக்குப் புதிய எண் பிறந்துவிடுகிறது. பெயரைத் திருத்துவதால் பயனில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே பகிர்வுக் கோப்பிலிருந்து அளபுருவை எடுத்து, குடும்பக் கோப்புக்குள் பழையதன் இடத்தில் அமர்த்துவதே தீர்வு.

தமிழ்க் கணிமையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் சூட்டியது. ஓர் எழுத்துருவில் எழுதியதை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த 'தமிழ்நெட் 97' மாநாட்டில் அறிஞர்கள் கூடி விவாதித்தது இத்தகைய குழப்பத்தை நீக்கும் வழியையே. இந்நாட்டில் அதற்கு முன்னோடியாக உழைத்தவர் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி. ஓர் எழுத்துக்கு உலகெங்கும் ஒரே எண் என்னும் ஒருங்குறி நிலைபெற்றதால்தான் இன்று நம் செய்தி எந்தத் திறன்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது.

மூன்றாம் முரண்: வார்ப்புருவா, கோப்பா, அட்டவணையா?

ஓர் அளவுக்கு மதிப்புக் கொடுக்கக்கூடிய இடங்கள் பல. வார்ப்புரு ஓர் இயல்நிலை மதிப்பைத் தருகிறது. குடும்பக் கோப்பு ஒன்றைத் தருகிறது. கட்டடத் திட்டக் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறது. குடும்பத்துடன் இணைந்த அளவு அட்டவணை வேறொன்றைச் சொல்கிறது. இவற்றுள் யார் சொல் செல்லும்?

கதவுக் குடும்பத்தைத் திருத்தி, பலகையின் அகலத்தை 850இலிருந்து 900ஆக மாற்றித் திட்டக் கோப்பில் மீண்டும் ஏற்றுகிறோம். ரெவிட் இரண்டு வழிகளை முன்வைக்கும். வடிவத்தை மட்டும் புதுப்பிப்பது ஒன்று. வடிவத்தோடு அளபுரு மதிப்புகளையும் புதுப்பிப்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தால் திட்டத்தில் முன்பிருந்த 850 அப்படியே நிற்கும். 'திருத்தியும் மாறவில்லையே' என்று மாணவர் திகைப்பார். இரண்டாவதைத் தேர்ந்தால் 900 வந்துவிடும். ஆனால் திட்டத்தில் வேறொருவர் காரணத்தோடு மாற்றிவைத்திருந்த மற்ற மதிப்புகளும் அழிந்துபோகும். பொத்தானை அழுத்துமுன் நாம் கேட்க வேண்டியது, 'இந்த மதிப்புக்கு உரியவர் யார்?' என்பதே.

மதிப்பு வகைக்கு உரியதா, தனி உறுப்புக்கு உரியதா என்பதும் இவ்வாறே. வகை அளபுருவை மாற்றினால் அவ்வகையைச் சேர்ந்த கதவுகள் அனைத்தும் மாறும். தனி அளபுருவை மாற்றினால் நாம் தொட்ட ஒரு கதவு மட்டும் மாறும். கதவின் அகலத்தைத் தனி அளபுருவாக வைத்தால், பெயர் ஒன்றாக உள்ள வகையில் நாற்பது கதவுகள் நாற்பது அளவில் வந்து நிற்கக்கூடும். அந்தப் பெயரை நம்பித் தொழிற்சாலைக்கு ஆணை அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அளவு அட்டவணை எளிய உரைக் கோப்பாகவே இருக்கும். அதன் தலைப்பு வரியில் ஒவ்வோர் அளபுருவின் பெயரும், அது எவ்வகை அளவு என்பதும், அலகும் குறிக்கப்பட்டிருக்கும். மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் அடி என்று இருந்தால் 900 என்னும் எண் 900 அடியாகும். நாம் 1200ஐ ஆயிரத்துக்குப் பின் காற்புள்ளியிட்டு எழுதும் வழக்கமுடையவர்கள். அட்டவணையிலோ காற்புள்ளி ஒரு பத்தியை அடுத்த பத்தியிலிருந்து பிரிக்கும் குறி. அங்கே அதை இட்டால் 1 ஓர் அளபுருவுக்கும் 200 அடுத்த அளபுருவுக்கும் போய்ச் சேரும். ஒரு நிறுத்தக்குறி இவ்வளவு செய்யும் என்றால், நிறுத்தக்குறி கற்பிக்கும் ஆசிரியர்களின் பணி சிறிதன்று.

ஒரு விமானத்தின் பாடம்

இத்தகைய குழப்பங்கள் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் உலகிலேயே முதன்முதலாகப் பெற்றுப் பறக்கவிட்ட ஏ380 விமானத்தின் கதை இதற்குச் சான்று. ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உடற்பகுதிகளுக்குள் கம்பிக் கட்டுகளைப் பொருத்தி, பிரான்சின் துலூஸ் நகருக்கு அனுப்பி ஒன்றிணைத்தனர். இணைக்கும்போது பல கம்பிகள் நீளம் போதாமல் நின்றன.

காரணங்களுள் முதன்மையானது இது: 'கேட்டியா' என்னும் ஒரே மென்பொருளின் நான்காம் பதிப்பை ஜெர்மனியிலும் ஐந்தாம் பதிப்பை பிரான்சிலும் பயன்படுத்தினர். ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றோரிடத்தில் உரியவாறு சென்று சேரவில்லை. 2006ஆம் ஆண்டு ஜூனிலும் அக்டோபரிலும் ஏர்பஸ் நிறுவனம் அடுத்தடுத்துத் தாமதங்களை அறிவிக்க நேர்ந்தது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் 2007 அக்டோபர் 15. இது அளபுருப் பெயரால் மட்டும் விளைந்த முரண் அன்று. எனினும் ஒரே பொருளைப் பற்றி இரண்டு அமைப்புகள் இரண்டு உண்மைகளை வைத்திருந்தால், அவை சந்திக்கும் இடத்தில் உலோகமும் கம்பியும் பொருந்தாமல் நிற்கும் என்பதை அது காட்டியது.

நம் நகரில் இன்று

சிங்கப்பூரில் இப்பொருள் இப்போது முன்னைவிட முதன்மை பெற்றுள்ளது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களைக் கணினித் தகவல் மாதிரியாகவே அளிக்க வேண்டும் என்னும் விதி 2013இல் வந்தது. 2015இல் அது 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு விரிந்தது. 2023 டிசம்பரில் 'கோர்நெட் எக்ஸ்' என்னும் புதிய அமைப்பு தொடங்கியது. கட்டட, கட்டுமான ஆணையமும் நகரச் சீரமைப்பு ஆணையமும் முன்னின்று நடத்தும் இவ்வமைப்பில், முன்பு முகமைதோறும் தனித்தனியே பெற்ற ஒப்புதல்கள் சில முதன்மை வாயில்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரே மாதிரியைப் பல முகமைகள் ஒருங்கே பார்க்கின்றன.

பலர் ஒரே கோப்பைப் பார்ப்பதென்றால் பலரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆள வேண்டும். அதற்காக அமைந்ததே 'ஐ.எஃப்.சி.+எஸ்.ஜி.' என்னும் தகவல் வரையறை. கட்டடத் தகவல் பரிமாற்றத்துக்கான உலகத் தரமாகிய ஐ.எஃப்.சி.யை அடிப்படையாகக் கொண்டு, சிங்கப்பூர் விதிகளுக்கு வேண்டிய பண்புகளை அது வகுத்துக் கூறுகிறது. ரெவிட், ஆர்ச்சிகேட், டெக்லா போன்ற மென்பொருள்களுக்குரிய அமைவுக் கோப்புகளும் வழங்கப்பட்டுள்ளன. எனக்கு இது நம் காலத்து நிகண்டாகவே தோன்றுகிறது. சிராங்கூன் சாலையில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிடும் சிறிய அலுவலகமும், தெங்காவில் அடுக்குமாடி எழுப்பும் பெரிய நிறுவனமும் இந்த நிகண்டின் மொழியிலேயே பேச வேண்டிய காலம் வந்துகொண்டிருக்கிறது. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் வேலைக்குச் செல்லும்போது அதை அறியாதிருக்க முடியாது.

பழுது காணும் முறை

முரண் தோன்றியதும் கைக்கு எட்டிய பூட்டை நீக்கிப் பார்ப்பது பலரின் வழக்கம். நோய் ஓரிடத்திலும் வலி வேறிடத்திலும் இருப்பது போல, எச்சரிக்கை தோன்றும் இடமும் பிழை செய்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இரா. ஆகவே ஒரு வரிசைமுறை வேண்டும்.

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அளபுருக்கள் அனைத்தையும் ஒரு தாளில் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், அது குறிக்கும் பொருள், அலகு, வகைக்கு உரியதா தனி உறுப்புக்கு உரியதா, மதிப்பு எங்கிருந்து வருகிறது என்னும் ஐந்தையும் எழுதுங்கள். பொருளை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத அளபுரு எதுவோ, அதன்மேல் ஐயம் கொள்ளுங்கள்.

பிறகு அம்புக்குறிகளை வரையுங்கள். எது எதை ஆள்கிறது என்று காட்டும் அம்புகள் அவை. ஒரே வாய்பாட்டைச் சேராத இரண்டு அம்புகள் ஓர் அளவை நோக்கி வந்தால் அங்கே இரு தலைவர்கள் உள்ளனர். புறப்பட்ட இடத்துக்கே அம்பு திரும்பினால் அங்கே சுழல் உள்ளது. எந்த அம்பும் வராத, மதிப்பும் இல்லாத அளவு இருந்தால் அங்கே தலைவரே இல்லை.

குடும்பம் பெரிதாக இருந்தால் கட்டுப்பாடுகளில் பாதியைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். முரண் மறைந்தால் அது நீக்கிய பாதியில் ஈடுபட்டிருக்கிறது. மறையாவிட்டால் எஞ்சிய பாதியில் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால் அறுபத்து நான்கு கட்டுப்பாடுகளுள் குற்றவாளி ஒன்றே எனில், ஆறே தடவையில் அதனை எட்டிவிடலாம்.

திருத்திய பின் நெகிழ்வுச் சோதனை நடத்துங்கள். ஒரு நேரத்தில் ஓர் அளபுருவை மட்டும் மாற்றி, மிகச் சிறிய மதிப்பு, வழக்கமான மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு ஆகிய மூன்றிலும் வடிவம் குலையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பின் வெறும் திட்டக் கோப்பு ஒன்றில் ஏற்றி, அட்டவணையில் வெறுங்கட்டமோ இரட்டைப் பெயரோ உள்ளதா என்று நோக்குங்கள். அனைத்தும் சரியாயிருந்தால் மட்டுமே உண்மையான திட்டத்தில் ஏற்றுங்கள். இறுதியாக, எதை ஏன் மாற்றினீர்கள் என்பதைக் கோப்புடன் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் உங்களிடம் கேட்க முடியாத நிலையில் இருக்கலாம்.

தமிழ் வகுப்பில் இதற்கு இடம் உண்டா?

உண்டு என்பதே என் துணிபு. நம் மாணவர்கள் பொறியியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். கோப்பிலுள்ள அளபுருப் பெயர்களும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அவற்றைத் தமிழாக்கிக் கோப்பில் எழுத முற்படக் கூடாது. வரையறை கூறும் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்க்கும் அமைப்பு அதை வேறொன்றாகவே கொள்ளும். ஆனால் ஒரு பெயரைச் சூட்டுமுன் அதன் பொருளை வரையறுக்கும் சிந்தனைக்கு மொழி எல்லை இல்லை. அச்சிந்தனையைத் தாய்மொழியில் பயிற்றுவிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, கதவைப் பற்றி முன்னர்ச் சொன்ன நான்கு அகலங்களையும் மாணவர்களுக்குக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் குழப்பமில்லாத ஒரு தமிழ்ப் பெயர் சூட்டச் சொல்லுங்கள். திறப்பகலம், நிலையகலம், பலகையகலம், வழியகலம் என்று அவர்களே கண்டுபிடிப்பர். நிலை என்னும் சொல்லும் பலகை என்னும் சொல்லும் நம் தச்சர்கள் நாள்தோறும் ஆண்டுவந்தவை. ஒரு சொல்லின் முன் மற்றொரு சொல்லைத் தொகையாகச் சேர்த்துப் பொருளை வரையறுக்கும் ஆற்றல் தமிழுக்கு இயல்பாகவே உண்டு. தொகைநிலைத் தொடரை விரித்துப் பொருள்காணும் பயிற்சி பெற்ற மாணவர், பொறியியல் கோப்பில் 'அகலம்' என்று மொட்டையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டவுடன் 'எதன் அகலம்?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி பல திங்கள் உழைப்பைக் காக்கும்.

கடைவீட்டு முகப்புக் கணக்கையும் வகுப்பில் கொடுக்கலாம். மூன்று அளவுகளுள் எது ஆள வேண்டும், எது அடங்க வேண்டும் என்று குழுவாக விவாதிக்கச் சொல்லலாம். பழைய சாளரத்தைக் காக்க விரும்புவோர் ஒரு விடை தருவர். புதுச் சாளரம் செய்ய விரும்புவோர் வேறு விடை தருவர். இரண்டும் சரியாக இருக்கலாம். தம் விடைக்குக் காரணத்தைத் தெளிவான தமிழில் எழுதுவதே அங்கே பயிற்சி.

அவையோரே, அளபுரு வார்ப்புரு என்பது பலர் கூடிச் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். இந்தப் பெயரால் இதைத்தான் குறிப்போம், இந்த அளவை இவர்தான் முடிவுசெய்வார், மற்றவை அதற்கு அடங்கும் என்று முன்கூட்டியே உடன்படுகிறோம். உடன்பாடு தெளிவாக இருக்கும்வரை ஆயிரம் உறுப்புகள் ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும். உடன்பாடு மங்கினால் ஒரு கதவுகூட அதன் நிலையில் பொருந்தாது. சொல்லைப் பொருளறிந்து ஆளும் பழக்கத்தை வளர்ப்பது மொழியாசிரியர்களின் நெடுநாட் பணி. வீடும் பாலமும் விமானமும் சரியாகப் பொருந்தி நிற்பதில் அப்பணிக்கும் பங்குண்டு.